சம்பந்திக்கு அரிசிம்பருப்பு சாதம்

சம்பந்தி வீட்டார் சாப்பிட வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தனக்கு ஆவடியில் ஒரு வேலை இருக்கிறது என்று அப்பா சொன்னார். வேலையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. ரிட்டயர் ஆகி வீட்டில் இருக்கிற மனுஷனுக்கு ஞாயிற்றுக்கிழமை என்ன வேலை? அவருக்கு அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட மனசில்லை, அவ்வளவுதான். வீட்டில் எல்லாருக்கும் அது தெரியும், ஆனால் யாரும் வாயைத் திறக்கவில்லை. என் வாய் சும்மா இருக்குமா?

"அப்போ பொண்ணு கல்யாணத்தன்னைக்கும் ஆவடியில வேலை வந்துடுமாப்பா?" என்றேன்.

அப்பா ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்தக் கதவு சாத்தி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து, தப்பிப் பிழைத்து, கால் சரியாகி, பேச்சும் திரும்பி வந்துவிட்டது. வலது கை மட்டும் வரவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிய கை அது. விரல்கள் மடங்கும், ஆனால் எதையும் பிடிக்காது. இடது கையில் ஸ்பூனைப் பிடித்துத்தான் சாப்பிடவேண்டும். அதை யாரும் பார்க்கக்கூடாது என்று அம்மாவை மட்டும் தட்டோடு உள்ளே விட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார். பெற்ற பிள்ளைகள் எங்களுக்கே அனுமதி கிடையாது. கல்யாண வீடுகளுக்குப் போனால் அட்சதை போட்டுவிட்டுப் பந்திக்கு முன்னால் நழுவிவிடுவார். பந்தியில் உட்கார்ந்து ரசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்குகிற மனுஷன். அவர் அப்படி நழுவுவதைப் பார்க்கும்போது எனக்கு அழுகை வராது, கோபம்தான் வரும். யார் மேல் கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

சின்ன வயதில் நான் எதையாவது இடது கையால் நீட்டினால் அப்பா புறங்கையில் ஒன்று வைப்பார். "பீச்சாங்கையால குடுக்கறதா? பொம்பளப் பிள்ளைக்கு இதான் லட்சணமா?" என்பார். இப்போது அதே கையால் அவர் சாப்பிடவேண்டியிருக்கிறது. வெட்கம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கா தெரியாது?

சரி, மற்ற விருந்து என்றால் ஏதாவது சொல்லி ஒப்பேற்றிவிடலாம். இது என் தங்கச்சி கல்யாணம் பேசி முடித்த பிறகு மாப்பிள்ளை வீட்டார் எங்கள் வீட்டில் சாப்பிடுகிற முதல் சாப்பாடு. பெண் பார்க்க வந்தபோது கேசரி, பஜ்ஜி, காபியோடு எழுந்துவிட்டார்கள், அப்பாவின் கை விஷயம் அவர்களுக்குத் தெரியாது. பேச்சு முடிகிறவரை பெண் வீட்டில் கை நனைக்கக்கூடாது என்பது அவர்கள் வழக்கம், எங்கள் வழக்கமும்தான். முடிந்த பிறகு வந்து சோறு சாப்பிட்டால்தான் உறவு உறுதி. அதுவும் இரண்டு அப்பாக்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவேண்டும். மாப்பிள்ளையின் அப்பா போனிலேயே சொல்லிவிட்டார், "உங்க அப்பா கூட குந்தி ஒரு கை பாக்கணும்மா" என்று. பெண்ணைப் பெற்றவர் உட்காரவில்லை என்றால் என்ன நினைப்பார்கள்? இவருக்கு மனசில்லாமல் பெண்ணைக் கொடுக்கிறார் என்றுதான் நினைப்பார்கள். தங்கச்சி என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டுபோய், "அப்பா உக்காரலைன்னா எனக்கு அந்தச் சாப்பாடே வேணாங்க்கா" என்று மூக்கைச் சிந்தினாள்.

என்ன சமைப்பது என்று பேச நான் வாக்கப்பட்ட மாங்காட்டிலிருந்து பருத்திப்பட்டுக்குக் கிளம்பி வந்தேன். ஏரி தெரிகிற பிளாட்டில் தம்பியும் அவன் பெண்டாட்டியும் அப்பா, அம்மா, தங்கச்சியோடு இருக்கிறார்கள். ஹாலில் உட்கார்ந்தோம். மட்டன் பிரியாணி இல்லாமல் சம்பந்தி விருந்தா என்று நான் ஆரம்பித்தேன். வாழையிலை போட்டு, சாம்பார், காரக்குழம்பு, ரசம் என்று வரிசையாகப் போகவேண்டும் என்றாள் அம்மா. தம்பி, அந்த அறிவாளி, "ஆவடியில எனக்குத் தெரிஞ்ச மாஸ்டர் கீறாரு, மாடியில கல்லு போட்டு சூடா பரோட்டா அடிச்சிடலாம்" என்றான்.

"பரோட்டாவை ஒத்தைக் கையால பிச்சுக் காமி பாக்கலாம்," என்றேன். வாயை மூடிக்கொண்டான். ஆனால் பிரியாணியில் எலும்பிலிருந்து கறியைப் பிய்க்க அப்பா எந்தக் கைக்குப் போவார் என்று என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் மூடிக்கொண்டிருப்பேன்.

தம்பி பெண்டாட்டி அதுவரை ஒன்றும் பேசவில்லை. கோபிச்செட்டிபாளையம் பக்கத்துப் பெண். அம்பத்தூரில் ஐ.டி. வேலை. பேச்சைக் கிள்ளித்தான் கொடுப்பாள். நான் ஒரு மணி நேரம் கத்தினால் அவள் "சரிங்க அண்ணி" என்று ஒரு வார்த்தை சொல்வாள், அதற்கு என்ன அர்த்தம் என்று வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் எனக்கு விளங்கும். அன்றைக்கு, "அவங்க வீட்ல யார் யார் வர்றாங்கன்னு கேட்டுக்கலாமுங்களா?" என்று சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

எல்லாரும் என்ன கேட்பார்கள்? உங்களுக்கு என்ன பிடிக்கும், காரம் எவ்வளவு, சுகர் இருக்கிறதா என்று கேட்பார்கள். இவள் கேட்டது, "உங்க வீட்ல ஒவ்வொருத்தரும் எப்படிச் சாப்பிடுவாங்கம்மா?" என்று. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சம்பந்தியிடம் இப்படியா கேட்பது! நான் கையைக் காலை ஆட்டி ஜாடை காட்டினேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

சம்பந்தியம்மா முதலில் திகைத்துப்போய், பிறகு சிரித்துவிட்டார்கள். அப்புறம் நிறுத்தவே இல்லை. தன்னை யாரும் இந்த மாதிரி கேட்டதே கிடையாது போல.

"எங்க ஊட்டுக்காரரு குந்துனதும் தெரியாது, எய்ந்துக்கறதும் தெரியாது, அவ்ளோ வேகம். சின்னவன் ஜிம்முக்குப் போறான், போனைப் பாத்துகினே துன்னுவான், முட்டையும் கோழியும் இருந்தா போதும். எம் பொண்ணோட கொயந்த, மூணு வயசு, யாராவது ஊட்னா துப்பிடும். தானா துன்னணும். பாதி வாயில, பாதி தரையில." அப்புறம் குரலைத் தாழ்த்தினார்கள். "எங்க ஊட்டுக்காரரோட அத்தை ஒருத்தங்க கீறாங்கம்மா. எம்பது தாண்டிட்டாங்க. சொல்றதுக்கே கூச்சமா கீது. குந்துன உடனே பல்லு செட்டைக் கயட்டிப் பக்கத்துல வச்சிடுவாங்க. எத்தினி தபா சொல்லியும் கேக்கல. நாங்கல்லாம் மூஞ்சிய அந்தாண்ட திருப்பிக்குவோம்."

"அப்படிங்களா? ரொம்ப நல்லதுங்கம்மா," என்றாள் இவள்.

பல்லைக் கழற்றி வைப்பதில் இவளுக்கு என்ன நல்லது? நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் நான் சொல்லாமல் கொள்ளாமல் பருத்திப்பட்டுக்குப் போனேன். சமையலறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே தம்பி பெண்டாட்டி மேடை ஓரமாக நின்றுகொண்டு இடது கையில் ஸ்பூனைப் பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வலது கையை இடுப்புக்குப் பின்னால் மடித்து வைத்திருந்தாள்.

"ஏம்மா, கைக்கு என்ன ஆச்சு?" என்று பதறிவிட்டேன்.

"ஒண்ணுமில்லீங்க அண்ணி. எது நிக்குது, எது ஓடுதுன்னு பாக்கறேன்."

வாரம் முழுக்க அவள் தினமும் ஒரு வேளை இப்படித்தான் சாப்பிட்டிருக்கிறாள். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. சாம்பார் சாதம் ஸ்பூனிலிருந்து சட்டையில் ஒழுகுகிறது. பிரைடு ரைஸ் சிதறுகிறது. இடியாப்பம் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. தட்டில் வைத்தால் சோறு ஸ்பூனுக்கு முன்னால் ஓடிக்கொண்டே போகிறது, அதைப் பிடித்து நிறுத்த இன்னொரு கை வேண்டும். சுவர் உயரமான கிண்ணம் என்றால் அந்தச் சுவரில் சாய்த்து அள்ளிவிடலாம். அடி கனமாக இருந்தால் கிண்ணம் நகராது. இதையெல்லாம் அவள் ஏதோ ஆபீஸ் விஷயம் மாதிரி அலுங்காமல் சொல்லிக்கொண்டே போனாள். அப்பா இந்த ஒரு வருஷம் கதவுக்குப் பின்னால் என்ன பாடுபட்டிருப்பார் என்று அன்றைக்குத்தான் என் புத்தியில் ஏறியது. பெற்ற பெண் நான் அவருக்காகக் கோபப்பட்டேன், அழுதேன், சாமிக்கு வேண்டிக்கொண்டேன். வந்த பெண் இவள் அவர் மாதிரியே சாப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அவளுக்கு அதெல்லாம் பிடிக்காது என்பதால் ஒரு டம்ளர் மோர் வாங்கிக் குடித்தேன்.

அந்த நல்ல மனசு அவள் மெனுவைச் சொன்னதும் பறந்துவிட்டது.

"அரிசிம்பருப்பு சாதமுங்க," என்றாள்.

"என்னது?"

அரிசியும் துவரம்பருப்பும் சேர்த்துக் குழைய வேகவைத்து, சின்ன வெங்காயமும் பூண்டும் தாளித்து, மேலே நெய் ஊற்றுவது. அவர்கள் ஊரில் நேரமில்லாத அன்றைக்குச் செய்கிற சாப்பாடு. அதைப் போய்ச் சம்பந்திக்குப் போடுவதா! நான் ஆடித் தீர்த்தேன். அவர்கள் பூந்தமல்லியில் பரம்பரையாக இருக்கிற குடும்பம், நாலு பேரிடம் போய் என்ன சொல்லுவார்கள், எங்கள் மானம் கப்பலேறிவிடும் என்று கத்தினேன். அவள் நான் முடிக்கிறவரை காத்திருந்தாள்.

"பல்லில்லாத பாட்டிம்மா அதைச் சாப்பிடலாம். மூணு வயசுப் பாப்பா தானா அள்ளிச் சாப்பிடலாம். கூடவே எலும்பில்லாம கொத்துக்கறி, கோழி வறுவல், முட்டை. பூசணிக்காய்க் கூட்டு. கெட்டியா தயிர் சாதம், அப்பளம், பாயசம். எல்லாமே கிண்ணத்துல, எல்லாருக்குமே ஸ்பூனு. எல்லாரும் ஸ்பூன்ல சாப்பிட்டா மாமா ஸ்பூனு தனியாத் தெரியாதுங்க அண்ணி."

"இடது கை தெரியுமே?"

"மாமாவுக்கு வலப்பக்கம் சம்பந்தி. இடப்பக்கம் அந்தப் பாட்டிம்மா." லேசாகச் சிரித்தாள். "அவங்க பல்லைக் கழட்டினா அந்தப் பக்கம் யாருமே பாக்கமாட்டாங்கன்னு சம்பந்தியம்மாவே சொன்னாங்களேங்க."

அடிப்பாவி! என் வாயை அடைத்தவர்கள் ரொம்பப் பேர் கிடையாது.

அப்பாவிடமும் அவளேதான் பேசினாள். கெஞ்சவில்லை, சுற்றி வளைக்கவில்லை. "மாமா, எல்லாருக்கும் கிண்ணமும் ஸ்பூனும்தாங்க. வந்து உக்காருங்க. மனசு ஒப்பலைன்னா பேசிட்டு எழுந்துடுங்க. நான் யாரையும் ஒண்ணும் கேக்க விடமாட்டேன்," என்றாள். அப்பா, "பாக்கலாம்மா" என்றார். எங்கள் யாரிடமும் அவர் அந்த அளவுக்குக்கூட இறங்கி வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்ட ரோட்டில் மாட்டிக்கொண்டு அவர்கள் வருவதற்கே தாமதமாகிவிட்டது. அந்த நேரம் முழுக்க அப்பா சலவைச் சட்டையும் வேட்டியுமாகக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கதவு பாதி திறந்திருந்தது. அவர்கள் வந்து செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டதும் எழுந்து வந்தார். கும்பிடும்போது வலது கை பாதியில் நின்றது, இடது கையை அதோடு கொண்டுபோய்ச் சேர்த்தார். சம்பந்தி அந்த இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நல்ல மனுஷன்தான் என்று எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

எல்லாரும் தம்பி பெண்டாட்டி கணக்குப் போட்ட இடத்தில் உட்கார்ந்தார்கள். கிண்ணம் வந்தது, ஸ்பூன் வந்தது. நெய் மணம் ஹாலைத் தூக்கியது. அப்பா தனக்கான நாற்காலியில் உட்கார்ந்து இடது கையை மெல்ல மேஜைக்கு மேலே கொண்டுவந்தார். நானும் தங்கச்சியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

சம்பந்தி ஸ்பூனை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இன்னாம்மா இது? நம்ம ஊட்ல நமக்கு இன்னா கூச்சம்? கையால துன்னாதான் துன்ன மாதிரி இருக்கும்," என்று அதைத் தள்ளி வைத்துவிட்டு வாஷ்பேசினுக்கு எழுந்து போனார். பின்னாலேயே மாப்பிள்ளை போனார், ஜிம்முக்குப் போகிற பிள்ளை போனான். அதோடு விட்டதா? "அதானே மாமா!" என்று சொல்லிக்கொண்டு எங்கள் வீட்டு அறிவாளியும் போனான். நல்ல உறவுக்கு அடையாளம் இதுதான் என்று அவர்களுக்குள் பேச்சு வேறு. கை கழுவ வரிசையில் நின்றார்கள். தள்ளி வைத்த ஸ்பூன்கள் மேஜையில் கிடந்தன. அந்தக் குழந்தையும் எண்பது தாண்டிய அந்தப் பெரிய அத்தையும் அப்பாவும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள்.

அப்பாவின் இடது கை மேஜைக்குக் கீழே போய்விட்டது.

எல்லாரும் ஈரக் கையோடு திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். அப்பா நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "நீங்க சாப்பிடுங்க. எனக்கு ஒரு மாத்திரை போட்டுக்கணும், இதோ வரேன்," என்றார். அந்த மாத்திரைக்கு அவர் போனால் திரும்ப வரமாட்டார், கதவு சாத்திவிடும். தங்கச்சி முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. தம்பி பெண்டாட்டி கரண்டியும் கையுமாகச் சமையலறை வாசலில் அப்படியே நின்றாள்.

அப்போதுதான் பெரிய அத்தை வாய்க்குள் விரலை விட்டு, பல் செட்டை மேலும் கீழுமாகக் கழற்றி, கைக்குட்டையில் வைத்து, கிண்ணத்துக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தார்கள். அவர்கள் வீட்டுச் சனம் மொத்தமும் டக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. அத்தை ஒருவரையும் சட்டை செய்யவில்லை. பாதி எழுந்து நின்ற அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

"எங்க எய்ந்துக்கினு போற நைனா? குந்து. கையி வரலியா?"

சம்பந்தியம்மா, "அத்தே..." என்று இழுத்தார்கள்.

"நீ சும்மா இரு. எந்தக் கையி நைனா?"

அப்பா அந்த முகத்தையே பார்த்தார். பல்லில்லாமல் கன்னம் ஒட்டிப்போய், வெட்கம் மானம் ஒன்றும் இல்லாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்த முகம்.

"வலது கைங்கம்மா," என்றார் அப்பா. "ஸ்ட்ரோக் வந்துது. ஸ்பூன் புடிக்க வராது. இந்தக் கையாலதான் சாப்பிடறேன்."

ஒரு வருஷத்தில் அதை அவர் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை.

"எனுக்குப் பல்லு இல்ல, உனுக்குக் கையி வரல. அதுக்கோசரம் பட்டினி கெடக்க முடியுமா? துன்னு நைனா. சோறு நல்லா கொயஞ்சு கீது." அத்தை ஒரு ஸ்பூன் அள்ளி வாயில் போட்டு மென்றார்கள், மெல்ல ஒன்றும் இல்லாமலே. "யாரு ஆக்கனது? மவராசி."

அப்பா உட்கார்ந்தார். இடது கை மேலே வந்தது. ஸ்பூனை எடுத்தார், கிண்ணத்துச் சுவரில் சாய்த்து அள்ளினார், சிந்தாமல் வாயில் போட்டுக்கொண்டார். சம்பந்தி ஒன்றும் கேட்கவில்லை. மெட்ரோ வேலையால் தன் கடையில் எவ்வளவு தூசி என்று பேசிக்கொண்டே, அப்பாவின் அப்பளத்தை எடுத்துத் தன் கையால் நொறுக்கி அவர் கிண்ணத்தில் போட்டார். ஏதோ தினமும் செய்கிற காரியம் மாதிரி. அந்தக் குழந்தை அப்பாவின் ஸ்பூனைப் பார்த்துவிட்டுத் தன் ஸ்பூனையும் இடது கைக்கு மாற்றிக்கொண்டு தரையெல்லாம் இறைத்தது. ஒருவரும் அதைத் திட்டவில்லை.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. சமையலறைக்குள் போய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். தம்பி பெண்டாட்டியும் உள்ளே வந்து மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள், துடைத்த இடத்தையே திரும்பத் திரும்ப. குக்கரைப் பார்த்தேன். காலி. அந்த ஜிம் பிள்ளையும் சம்பந்தியும் சேர்ந்து அரிசிம்பருப்பு சாதத்தை வழித்துவிட்டார்கள். மானம் கப்பலேறும் என்று ஆடினேனே, என்னத்தைச் சொல்ல.

அப்போது ஹாலிலிருந்து அப்பா குரல் கேட்டது.

"ஏம்மா, இன்னும் கொஞ்சம் சாதம் கொண்டா!"

இரண்டாம் தடவை. கதவுக்குப் பின்னால் கொறித்துவிட்டுத் தட்டைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த மனுஷன், சபையில் உட்கார்ந்து, சத்தமாக. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "ஐயையோ, குக்கர் காலியா இருக்கேம்மா!" என்றேன்.

அவள் மேடைக்கு அடியில் குனிந்து, துணி சுற்றி வைத்திருந்த ஒரு தூக்கை எடுத்தாள். மூடியைத் திறந்தாள். சாதம் சூடாக இருந்தது.

"மாமாவுக்கு ரெண்டாவது தடவைக்குன்னு முதல்லயே எடுத்து வச்சிட்டேனுங்க," என்றாள். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. அவள் அழுது நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். "நீங்க போய்ப் போடுங்க அண்ணி. நான் இப்படியே வந்தா மாமா பாத்துடுவாங்க."

தூக்கை வாங்கிக்கொண்டு ஹாலுக்குப் போனேன். சம்பந்தி பார்க்க, மாப்பிள்ளை பார்க்க, எல்லாரும் பார்க்க, அப்பா தன் இடது கையால் கிண்ணத்தை எடுத்து என்னிடம் நீட்டினார்.